வேடியப்பனுக்குப் படைத்த மெஷின்

வடிவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். புங்கமேட்டில் இது தெரியாதவர் கிடையாது. அவள் கத்திக்கொண்டிருக்கும்வரை யாரும் கவலைப்பட மாட்டார்கள். கோழி கத்தரிச் செடியைக் கிளறிவிட்டது என்று பொழுது முழுக்கக் கத்துவாள், சாயங்காலம் அதே கோழிக்கு நொய் போடுவாள். மெல்லப் பேச ஆரம்பித்துவிட்டால்தான் ஆபத்து. அவள் புருஷன் குமரேசன்கூட மாட்டைப் பிடித்துக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விடுவான். அப்படி மெல்லப் பேசிக்கொண்டே அவள் நாலு வருஷம் இருந்தாள். அந்த நாலு வருஷத்துக் கதைதான் இது. மன்னிப்பின் மகிமையைக் கேட்க வேண்டும் என்பவர்கள் வேறு வீட்டுக்குப் போகலாம்.

புங்கமேடு, ஜமுனாமரத்தூரிலிருந்து கொஞ்ச தூரம் பஸ்ஸும் மிச்ச தூரம் காலுமாகப் போய்ச் சேர வேண்டிய மலை ஊர். விளைவது சாமை, கொஞ்சம் கேழ்வரகு, மரத்துக்கு மரம் புளி. சாமையை விளைவிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை, மழை பெய்தால் அது பாட்டுக்கு வரும். அதன் தோலை உரிப்பதற்குள்தான் பெண்களுக்கு உயிர் போகும். உரலில் போட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடியும் குத்த வேண்டும். கை காய்த்துப்போய், தோள் இறங்கிப்போய்க் கடைசியில் கிடைப்பது ஒரு வேளைச் சோற்றுக்கான அரிசி. அதற்குப் பயந்து பாதிப் பேர் சாமையைத் தோலோடு வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார்கள். மீதிப் பேர் மூட்டையைத் தலையில் வைத்து, பஸ் ஏறி, ஆலங்காயம் பக்கம் அடிவாரத்து மில்லுக்குப் போவார்கள்.

அதனால்தான் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். எட்டாவது வரை படித்தவள் என்று வடிவைத் தலைவியாக்கினார்கள். சங்கத்தின் ஆசை ஒன்றே ஒன்று. சாமை உரிக்கிற மெஷின் ஒன்று ஊருக்குள் வர வேண்டும்.

அந்த ஆசையை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தவன்தான் சக்கரவர்த்தி. திருப்பத்தூரில் ஒரு தொண்டு நிறுவனம் வைத்திருந்தான். அரசாங்க மானியம் வாங்கித் தர ஆலோசனை சொல்வது அவன் தொழில். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு பை, வாயில் எந்நேரமும் ஒரு சிரிப்பு. வந்ததும் வராததுமாகக் கேழ்வரகுக் கூழ் வாங்கிக் குடித்து, "எங்க அம்மா கையில குடிச்ச மாதிரியே இருக்குதும்மா" என்றான். அங்கேயே பாதிப் பெண்கள் விழுந்துவிட்டார்கள். கூழைப் புகழ்கிறவனை நம்பக் கூடாது என்று வடிவு பின்னாளில் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அன்றைக்கு அவளும்தான் இன்னொரு சொம்பு ஊற்றிக் கொடுத்தாள்.

"கவர்மெண்டு குடுக்கத் தயாரா இருக்குதும்மா. கேக்கத் தெரியணும், அவ்ளோதான். திட்ட அறிக்கை, தீர்மானம், கொட்டேசன் எல்லாம் நான் எழுதிக்கிறேன்."

"இன்னா எழுதறீங்கன்னு ஒருவாட்டி படிச்சுக் காட்டுங்க சார்" என்று வடிவு கேட்டாள். கேட்டாள் என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

சக்கரவர்த்தி அவள் தோளைத் தட்டாத குறையாகச் சிரித்தான். "இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. கையெழுத்து மட்டும் போடு."

போட்டாள். எத்தனை இடத்தில் விரலை வைத்துக் காட்டினானோ அத்தனை இடத்திலும் போட்டாள்.

ஆவணி மாசத்தில் மெஷின் வந்தது. மினி லாரியில் மலை ஏறி வரும்போது ஒரு வளைவில் லாரி குலுங்கி, மெஷினின் வாய்ப்பக்கம் தகரம் நசுங்கியிருந்தது. பச்சை பெயின்ட் ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது. ஆனாலும் என்ன, பெண்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தார்கள். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். பிறகு ஊர்க்கொட்டகையில் வைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, அப்படியே விட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். வந்த மெஷினை ஓட்டாமல் மூடி வைப்பார்களா? புங்கமேட்டில் வைப்பார்கள். தானியத்தைத் தொடுகிற எந்தப் புதுப் பொருளானாலும், அது முறமானாலும் மெஷினானாலும், புதுச் சாமை களத்துக்கு வந்து, முதல் படியை ஊர்ச்சாமி வேடியப்பனுக்குப் படைத்து, பூசை போட்ட பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். படைத்த பொருள் சாமி பொருள், ஊரை விட்டுப் போகாது. படைக்காத பொருள் வந்த சரக்கு மாதிரி, யாருக்கும் அதன்மேல் உரிமையும் கிடையாது, உறுத்தலும் கிடையாது. சாமை அறுப்பு கார்த்திகையில்தான். அதுவரை காத்திருக்கலாம் என்று இருந்தார்கள்.

சக்கரவர்த்திக்கு இந்த வழக்கம் தெரிந்திருந்தது. கூழ் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தான், படுபாவி.

புரட்டாசியில் ஒரு நாள் அவனே லாரியோடு வந்தான். "மலையில கரண்டு வீக்கா இருக்குதும்மா. இந்த மோட்டாரு தாங்காது. வேற மாத்தி, அறுப்புக்கு முன்னாடி கொண்டாந்து எறக்கிடறேன்" என்றான். படைக்காத பொருள்தானே என்று ஊரே கைகொடுத்து லாரியில் ஏற்றிவிட்டது. கயிறு கட்டியது குமரேசன். நசுங்கின இடம் மேலும் நசுங்காமல் இருக்க வைக்கோல் வைத்துக் கொடுத்தவள் வடிவு.

கார்த்திகை வந்தது, மெஷின் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அப்புறம் அந்த நம்பரே இல்லை என்று சொன்னது. வடிவு பஸ் ஏறி மானியம் கொடுத்த அலுவலகத்துக்கு விசாரிக்கப் போனாள். "மெஷின் வந்து சேர்ந்துச்சு, நல்லா ஓடுதுன்னு சங்கத் தலைவியே எழுதிக் குடுத்திருக்காங்களேம்மா. நீங்கதானே அது?" என்றார்கள். அவள் கையெழுத்துதான். விரல் வைத்துக் காட்டிய இடங்களில் அதுவும் ஒன்று.

வெறுங்கையோடு ஊர் திரும்பியவளை ஊர் சும்மா விடவில்லை. சக்கரவர்த்தியும் வடிவும் சேர்ந்து மெஷினை விற்றுத் தின்றுவிட்டார்கள் என்று முதலில் சொன்னவள் முத்தம்மாள். வடிவுக்குப் பக்கத்து வீடு, ஒரே நாற்றங்கால், ஒன்றாகக் களை எடுத்தவள். அவள் சொன்னால் நம்பாமல் இருப்பார்களா? ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு பெரிய பஞ்சாயத்தெல்லாம் வைக்கவில்லை. அடுத்த திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்கிக்கொண்டு வந்தவர், வடிவு தட்டில் வைத்து நீட்டிய வரியைப் பார்த்தார், வாங்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இதைவிட அவளைச் செருப்பால் அடித்திருக்கலாம். வரி வாங்காத வீடு ஊர்க்கணக்கில் இல்லாத வீடு. அந்த வீட்டுத் தானியம் சாமிக்கு ஆகாது. அந்த வீட்டுப் பெண் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. குமரேசன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வடிவு சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மெல்லச் சொன்னாள்: "அந்த மெஷினு இந்த ஊருக்குத் திரும்பி வரும். அவனே தூக்கினு வருவான். இதே கவுண்டரு இதே வாசல்ல நின்னு வரி கேப்பாரு."

குமரேசன் மாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அடுத்த தை மாசம், சாமை மூட்டையோடு அடிவாரத்துக்குப் போனாள். வழக்கமான மில்லில் கூட்டம். ரோட்டோரம் புதிதாக ஒரு மில் வந்திருக்கிறது, சீக்கிரம் ஆகும் என்றார்கள். போனாள். வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற பெண் நகர்ந்ததும் மெஷின் தெரிந்தது. வாய்ப்பக்கம் நசுங்கிய தகரம், ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்த பச்சை பெயின்ட். மில்லுக்காரன் யார் என்று விசாரித்தாள். சக்கரவர்த்தியின் மச்சான்.

தன் சங்கத்து மெஷினில், தன் சாமையை உரித்துக்கொள்ள, கூலி கொடுத்து வரிசையில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் மலைக்காரப் பெண்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. அங்கேயே கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ராவோடு ராவாக மெஷின் வேறு எங்காவது போயிருக்கும், வடிவுக்குப் பைத்தியக்காரப் பட்டமும் சேர்ந்திருக்கும். அவள் கத்தவில்லை. மூட்டையைக் கொடுத்தாள், கூலியைக் கொடுத்தாள், அரிசியை வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த அரிசியை அவள் உலை வைக்கவில்லை. அவ்வளவையும் கோழிக்குப் போட்டாள்.

அதிலிருந்து அதுவே பழக்கமாயிற்று. வருஷா வருஷம் மெஷின் இருக்கிறதா என்று பார்க்க அதே மில்லுக்குப் போவாள். உரித்த சாமையைக் கோழிக்குப் போடுவாள். அவர்கள் வீட்டுக் கோழிகள் மலையிலேயே நன்றாகத் தின்ற கோழிகள்.

தேவயானியை அவள் பார்த்தது ஜமுனாமரத்தூர்ச் சந்தையன்று. தேவயானி திருப்பத்தூர்க்காரி. விவசாயச் சங்கங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் மானியம் பற்றி ஆலோசனை சொல்ல ஒரு சின்ன அலுவலகம் வைத்திருந்தாள். அன்றைக்குச் சந்தைக்கு வந்தவர்களை உட்கார வைத்து, எப்படி விண்ணப்பிப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். எல்லோரும் எப்படி வாங்குவது என்று கேட்டார்கள். கடைசி வரிசையிலிருந்து வடிவு வேறு ஒன்று கேட்டாள்.

"வாங்கினதை ஒருத்தன் தூக்கினு போய்ட்டா, எப்படிங்க திருப்பிக் கொண்டாறது?"

தேவயானி பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, முழுக்கதையையும் கேட்டாள்.

"புகார் குடுக்கலாம் வடிவு. குடுக்கணும்னுதான் நான் சொல்லுவேன். ஆனா கையெழுத்து உங்களுது. முதல் கேள்வி உங்ககிட்டதான் வரும். அவனும் மெஷினை மறைச்சுடுவான்."

"மறைக்காம இருக்கணும்னா?"

"பொதுப் பணத்துல வாங்கின பொருளை விக்கவோ, எடம் மாத்தவோ கூடாது. அதே ஆளு அடுத்த மானியத்துக்கு வந்தா, முன்னாடி வாங்கினது அதே எடத்துல இருக்குதான்னு வந்து பாப்பாங்க. அன்னைக்கு மறைக்க முடியாது."

"அவன் அடுத்ததுக்கு வருவானா?"

"ருசி கண்டவன் வராம இருப்பானா?" என்றாள் தேவயானி. பிறகு, "எனக்கு மலையில சங்கம் சங்கமா போய் வர ஒரு ஆளு வேணும். வர்றீங்களா?" என்று கேட்டாள்.

வடிவு போனாள். சம்பளத்துக்காக என்று ஊர் நினைத்தது. தொழிலைக் கற்றுக்கொள்ளத்தான் போனாள், அதுவும் ஒரே ஒரு ஆளை மனசில் வைத்துக்கொண்டு. பழி ஒரு நல்ல வாத்தியார் என்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வடிவு விஷயத்தில் அது உண்மை. திட்டத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நம் தேவையை மாற்றிக்கொள்ளக் கூடாது, தேவைக்கு ஏற்ற திட்டத்தைத் தேட வேண்டும் என்று கற்றாள். கூட்டத்தில் எல்லோர் எதிரிலும் படித்துக் காட்டாத தீர்மானம் தீர்மானமே இல்லை என்று கற்றாள். விலைப்புள்ளியை ஆலோசகர் வாங்கக் கூடாது, சங்கம் வாங்க வேண்டும். பொருள் ஓடிப் பார்த்த பிறகுதான் ஓடுகிறது என்று எழுத வேண்டும். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிறவனை வாசலோடு அனுப்ப வேண்டும். ஆலோசனை சொல்கிறவனுக்கு வழி காட்டுகிற வேலைதான், வண்டி சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். இதையெல்லாம் தேவயானி பொறுமையாகச் சொன்னாள். வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ஒவ்வொன்றையும் கேட்கும்போது, தான் ஏமாந்த ஒவ்வொரு இடமும் தெரிந்தது.

மலையில் அவளால் தேன் எடுக்கிறவர்களுக்குக் கொட்டகை வந்தது. ஒரு ஊருக்குப் புளி அடிக்கிற களம் வந்தது. போகிற ஊரெல்லாம் அவளுக்கு டீயும் மரியாதையும். சொந்த ஊரில் மட்டும் ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அவள் வரித்தட்டோடு வாசலில் நின்றாள். அவர் கண்ணில் படட்டும் என்றே நின்றாள்.

நாலாவது வருஷம் ஐப்பசியில் சக்கரவர்த்தி தேவயானியின் அலுவலகத்துக்குள் வந்தான். ஆள் கொஞ்சம் பெருத்திருந்தான், சிரிப்பு அதே சிரிப்பு. பெரிய திட்டம் ஒன்று வந்திருக்கிறது, ரெண்டு தடவை அனுப்பியும் தள்ளிவிட்டார்கள், மேடம் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்றான். எதிர் நாற்காலியில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த வடிவைப் பார்த்து, "வணக்கங்க மேடம்" என்று கும்பிட்டான்.

அடையாளம் தெரியவில்லை! அவளுடைய நாலு வருஷத்தைத் தின்றவனுக்கு அவள் முகம்கூட நினைவில்லை. கூழ் ஊற்றிய கை நினைவில்லை. வடிவுக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்குக் குரலே இல்லை, அத்தனை கீழே இறங்கிவிட்டது. "உக்காருங்க சார்" என்றாள்.

அவனை ஒரு டீக்கு அனுப்பிவிட்டுத் தேவயானியிடம் சொன்னாள். தேவயானிக்கு முகம் கறுத்துவிட்டது. "இவனுக்கு நாம வேலை செய்ய வேணாம் வடிவு. வெளிய போன்னு சொல்லிடறேன்."

"வேணாம் மேடம். நானே பாத்துக்கறேன்."

"ஒரு பொய்கூட இந்த ஆபீஸ்ல இருந்து போகக் கூடாது. அவன்கிட்ட ஒரு ரூபா வாங்கக் கூடாது."

"ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன் மேடம். அவனுக்குத் தெரிய வேண்டிய நெசத்தை மட்டும் சொல்றேன்."

அப்படியே செய்தாள். சக்கரவர்த்தியின் அறிக்கையைப் புரட்டிப் பார்த்து, எது ஏன் தள்ளுபடி ஆனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். கடைசியில் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"புங்கமேட்டுல சாமை மெஷினு வெச்சுக் குடுத்ததா எழுதியிருக்கீங்களே சார். இது இப்ப அங்க இருக்குதா?"

சக்கரவர்த்தியின் முகத்தில் ஈயாடவில்லை. "இருக்குதுங்க. இருக்குது. சின்ன ரிப்பேரு, கீழ எறக்கியிருக்கோம்."

"கார்த்திகையில பாக்க வருவாங்க. அந்த எடத்துல அது இல்லேன்னா உங்க அறிக்கையைப் பிரிக்கவே மாட்டாங்க. வேற மெஷினைக் காட்டலாம்னு நெனைக்காதீங்க, நம்பரைப் பாப்பாங்க."

"ஒரு நாளு இருந்தா போதுங்களா மேடம்?"

"அவங்க பாக்கற அன்னைக்கு இருந்தா போதும் சார்."

இதில் எந்த இடத்தில் பொய்? கேட்டுப் பாருங்கள், ஒரு சொல்லும் இல்லை. அவன் வாங்க வந்த ஆலோசனையைச் சுத்தமாகக் கொடுத்தாள். அப்படி ஒரு நல்ல ஆலோசனை அவன் வாழ்க்கையில் யாருக்கும் கொடுத்ததில்லை.

பார்வையிடும் தேதி தெரிந்த அன்று வடிவு நேராக ராஜாக்கண்ணு வீட்டுக்குப் போனாள். வீட்டுக்குள் போகவில்லை, வாசலில் நின்றாள்.

"மெஷினு வருது கவுண்டரே. அவனே கொண்டாறான். ஒரு நாளு வெச்சுட்டுத் திரும்பத் தூக்கினு போற எண்ணத்துல வர்றான்."

ராஜாக்கண்ணு கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார். "இன்னா சொல்ற வடிவு? எங்க இருந்துச்சு அது?"

அவள் சொன்னாள். அடிவாரத்து மில் என்றதும் உள்ளே இருந்து அவர் பெண்டாட்டி ஓடி வந்தாள். அவளும் அங்கேதான் போன மாசம் வரை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கின கையோட பூசை போடணும்" என்றாள் வடிவு. "களத்துல புதுச் சாமை இருக்குது. படைச்சுட்டா அது சாமி பொருளு. அப்புறம் அவன் எப்படித் தூக்கறான்னு பாக்கலாம். அதுவரைக்கும் அவன்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. பல்லைக் காட்டினு நில்லுங்க."

"செஞ்சுடலாம்."

"முதல் படி சாமை என் வூட்டுது."

ராஜாக்கண்ணு தலையைச் சொறிந்தார். ஊர்க்கணக்கில் இல்லாத வீட்டுத் தானியம் சாமிக்கு ஆகாதே. அவள் எதற்காக அதைச் சொன்னாள் என்று அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. "அதுக்கின்னா, வரியை இப்பவே குடும்மா, வாங்கிக்கறேன்" என்று கையை நீட்டினார்.

"நான் இங்க கொண்டாந்து குடுக்க மாட்டேன் கவுண்டரே. நாலு வருசம் நான் தட்டோட நின்ன வாசலு அங்க இருக்குது. வந்து கேளுங்க, குடுக்கறேன்."

அந்திக்குள் அவர் வந்தார். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, "வடிவு, வரி குடும்மா" என்று கேட்டார். வடிவு உள்ளே போய், தட்டைத் தேடுகிற மாதிரி தேடி, அவரைக் கொஞ்சம் நிற்க வைத்த பிறகுதான் கொண்டுவந்தாள். முத்தம்மாள் தன் வீட்டு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வடிவு அவளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. அந்தக் கணக்கில் அவள் கறார்.

மெஷின் மலையேறி வந்தது. சக்கரவர்த்தி லாரியின் முன்சீட்டில், பழைய சிரிப்போடு. "ரிப்பேருக்குக் கொஞ்சம் நாளாயிடுச்சு, கோச்சுக்காதீங்க" என்றான். ஊர் மொத்தமும் பல்லைக் காட்டியது. இறக்கி வைத்தார்கள், கரண்டு கொடுத்தார்கள். அப்போதுதான் அவன் கொட்டகை ஓரத்தில் நின்ற வடிவைப் பார்த்தான்.

"மேடம்? நீங்க எங்க இங்க?"

"என் ஊருதான் சார் இது."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடியை அவள் கழற்றி முந்தானையில் துடைத்தாள். அவன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கீழே ஜீப் சத்தம் கேட்டது.

அதிகாரி வயசானவர், அதிகம் பேசாதவர். மெஷினைச் சுற்றி வந்தார், நம்பரைப் பார்த்தார், போட்டோ எடுத்தார். அவர் எடுத்து முடிக்கும்போது பூசாரி தேங்காயோடும் சேவலோடும் வந்துவிட்டார். மஞ்சள் தெளித்தார்கள், குங்குமம் வைத்தார்கள். சேவல் ரத்தத்தில் ஒரு சொட்டை மெஷினின் காலில் விட்டார்கள். வடிவு தன் வீட்டுப் புதுச் சாமையை ஒரு படி அளந்து, நசுங்கின வாயில் கொட்டினாள். மெஷின் கடகடத்து ஓடி, பொன் நிறத்தில் அரிசியைத் தள்ளியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

"இன்னாங்க விசேஷம்?" என்று அதிகாரி கேட்டார்.

"மெஷினுக்கு முதல் பூசைங்க" என்றாள் வடிவு.

"முதல் பூசையா? நாலு வருஷமா ஓடுதுன்னு இருக்குதே?"

"நாலு வருசமா ஓடுச்சுங்க சார். இங்க இல்ல. இவரு மச்சான் மில்லுல."

சக்கரவர்த்தி பாய்ந்தான். "பொய் சார்! இந்தப் பொம்பளைக்கு என்மேல ஏதோ கோவம். ரிப்பேருக்குத்தான் போச்சு." ராஜாக்கண்ணுவின் பெண்டாட்டி முன்னால் வந்து, "போன மாசம்கூட நான் கூலி குடுத்து அங்கதான் ஒரிச்சேனுங்க" என்றாள். இன்னொருத்தி வந்தாள். அப்புறம் எல்லோரும் வந்தார்கள். நசுங்கின தகரத்தை அந்த மில்லில் பார்க்காத பெண் அந்த ஊரில் இல்லை. இதுதான் தங்கள் சங்கத்து மெஷின் என்று அங்கே அவர்களுக்குத் தோன்றாமல் போனது, தார்ப்பாய் போட்டு மூடும்வரை ஒரு நாள் பார்த்ததுதானே.

"ஓடுதுன்னு எழுதிக் குடுத்தது யாரு?" என்றார் அதிகாரி.

"நான்தாங்க. படிக்காம போட்டேன்."

"அதுவும் தப்புதாம்மா. சங்கத்துக்கு நோட்டீஸ் வரும்."

"வரட்டும் சார். பதில் எழுதத் தெரியும் இப்ப."

சக்கரவர்த்தி லாரிக்காரனிடம் ஓடி, "ஏத்துய்யா, மெஷினை ஏத்து" என்று கத்தினான். லாரிக்காரன் அடிவாரத்து ஆள். மெஷினின் காலில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான், மஞ்சளைப் பார்த்தான். "சாமிக்குப் படைச்ச பொருளு சார். எனக்கும் புள்ளகுட்டி இருக்குது, நான் தொட மாட்டேன்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே விட்டான். கூட வந்த சுமையாட்களும் அதிலேயே ஏறிக்கொண்டார்கள். சக்கரவர்த்தி மட்டும் தூசியில் நின்றான். வடிவுக்கு அந்தக் காட்சி இனித்தது. ஒளிப்பானேன்? நன்றாகவே இனித்தது.

அதிகாரி ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதினார். மெஷினைத் தானே எடுத்துப் போனது, மச்சான் மில்லில் வைத்திருந்தது, சங்கத்தாருக்கு அதில் பங்கில்லை என்பது, இன்றைக்குத் திருப்பி ஒப்படைத்தது. "எழுதிக் குடுத்தா ஒப்படைச்சதாப் போவும். இல்லேன்னா திருட்டுன்னு ஸ்டேஷனுக்குப் போவும்" என்று சக்கரவர்த்தியிடம் நீட்டினார்.

அவன் படித்தான். இதில் கையெழுத்து விழுந்தால் இனி எந்த மானியமும் அவன் நிறுவனத்தின் பக்கம் எட்டிப் பார்க்காது என்று அவனுக்குத் தெரியாதா? அவன் தொழிலே அதுதானே. காகிதத்தோடு வடிவிடம் வந்தான். "வடிவு... வடிவு அக்கா. இதுல சில வார்த்தைய மாத்தச் சொல்லுங்க. பங்கில்லைங்கற எடத்துல மட்டும். நீங்க சொன்னா அவரு கேப்பாரு. இதுக்கு என்ன அர்த்தம் ஆவும்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

இப்போது பெயர் நினைவுக்கு வந்துவிட்டது. அக்காவும் வந்துவிட்டது.

வடிவு பேனாவைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். எங்கே போட வேண்டும் என்று காகிதத்தில் விரலை வைத்துக் காட்டினாள். பக்கத்தில் நின்ற குமரேசனுக்கே கேட்காத அளவுக்கு மெல்லச் சொன்னாள்.

"இதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார். கையெழுத்து மட்டும் போடுங்க."

போட்டான்.

அன்று மாலை வடிவு, மெஷினில் உரித்த சாமையில் வேடியப்பனுக்குப் படைத்தது போக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து உலை வைத்தாள். குமரேசன் ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவளும் சாப்பிட்டாள். கோழிகள் வழக்கம்போல வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் விழாமல் கத்தரிச் செடியைக் கிளறப் போய்விட்டன. வடிவு வெளியே வந்து, தெருவுக்கே கேட்கும்படி அவற்றைத் திட்டினாள்.